தொட்டிக்குள் இறங்கும் பயிற்சியில் பாதி, மேலே நிற்பவருக்கானது

திருப்பூர்ப் பக்கம் எட்டுப் பேரை வைத்து ஒப்பந்த வேலை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாயப்பட்டறைகளின் கழிவுநீர்த் தொட்டி, குடிநீர் சம்ப், சில நேரம் பாய்லரின் உள்பக்கம் என்று சுத்தம் செய்கிறீர்கள். இப்போது ஒரு பெரிய ஆலை, ‘கன்ஃபைன்ட் ஸ்பேஸ்’ (தொட்டி போன்ற அடைபட்ட இடம்) பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவரை உள்ளே விடமாட்டோம் என்கிறது. இணையத்தில் இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தால் சான்றிதழ் கிடைக்கிறது, அது போதுமா, இல்லையென்றால் உண்மையான பயிற்சியில் என்னதான் சொல்லித்தர வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

கேட்டில் காட்ட அந்தக் காகிதம் போதலாம். தொட்டிக்குள் அது எதற்கும் உதவாது. உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸைக் கையால் தொடாமல், கேஸ் மீட்டரை ஒருமுறைகூட அலற வைத்துப் பார்க்காமல், ஓர் ஆளைக் கயிற்றில் மேலே இழுத்துப் பழகாமல் முடிகிற எதையும் நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். சுத்திகரிப்பு ஆலைகளின் ஷட்டவுன் வேலைகளிலும், பிறகு இங்குள்ள ஆலைகளில் பயிற்சி கொடுத்தும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலையில் ஆட்கள் எப்படிச் சாகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரே கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் இறந்தார்கள். ஆறு பேரும் ஒன்றாக வேலைக்கு இறங்கியவர்கள் அல்ல. முதல் ஆள் விழுந்ததும், தூக்க இறங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். நம் செய்தித்தாள்களில் இந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் விட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. பின்னால் வந்த கணக்குகளில் விகிதம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் எந்தக் கணக்கிலும் காப்பாற்றப் போனவரின் பங்கு சிறியதாக இல்லை.

அதனால்தான் பயிற்சியின் பாதி நேரம் மேலே நிற்கிறவருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கல்ஃபில் இவரை ‘ஹோல் வாட்ச்’ என்பார்கள், இங்கே ஸ்டாண்ட்பை. நம் ஊரில் இந்த வேலைக்கு யாரைப் போடுகிறார்கள் தெரியுமா? குழுவில் வயதானவரை, இல்லையென்றால் அன்றைக்குக் காய்ச்சலில் இருப்பவரை, அதுவும் இல்லையென்றால் புதிதாகச் சேர்ந்த பையனை. நடுவில் ‘தம்பி, டீ வாங்கிட்டு வா’ என்று அனுப்பியும் விடுவார்கள். உண்மையில் மொத்தக் குழுவிலும் நிதானமான, சொன்ன சொல் கேட்கிற, தேவைப்பட்டால் மேஸ்திரியையே ‘வெளியே வா’ என்று அதட்டக்கூடிய ஆள்தான் அங்கே நிற்க வேண்டும். உள்ளே யார் யார் போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பெயரோடு எழுதுவது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்துப் பதில் வாங்குவது, மீட்டரின் எண்களைப் பார்ப்பது, பதில் வராவிட்டால் ஆளை மேலே இழுக்கும் கைச்சுழற்சிக் கருவியான வின்ச்சைச் சுற்றிக்கொண்டே கூப்பாடு போடுவது இவையெல்லாம் அவர் வேலை. என்ன நடந்தாலும் உள்ளே இறங்காமல் இருப்பதும் அவர் வேலைதான். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமானது.

ஏன் கடினம் என்றால், உங்களுடையதைப் போன்ற குழுக்களில் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று சேர்ந்து வருகிறார்கள். மச்சான் கீழே விழுந்து கிடக்கும்போது, ‘இறங்காதே’ என்று வகுப்பில் கேட்டதெல்லாம் காற்றோடு போய்விடும். இதற்கு என் அனுபவத்தில் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, சொந்தக்காரரைச் சொந்தக்காரருக்கு ஸ்டாண்ட்பையாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, இறங்காமலே ஆளைத் தூக்க முடியும் என்று அவருடைய கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வின்ச்சைச் சுற்றினால் ஆள் மேலே வருவான் என்பதைப் பலமுறை செய்து பார்த்தவன், அவசரத்தில் வின்ச்சை நோக்கி ஓடுவான். செய்து பார்க்காதவன் ஏணியை நோக்கி ஓடுவான்.

நான் வகுப்பில் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன். காலியான, காற்றோட்டமுள்ள, மீட்டர் வைத்துச் சோதித்த தொட்டி ஒன்றில் ஓர் ஆளை ஹார்னஸ், கயிறு எல்லாம் கட்டி இறக்குவேன். அவரிடம் மட்டும், கொஞ்ச நேரம் கழித்துச் சத்தமில்லாமல் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பேன். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. பதில் நின்றதும் அநேகமாக எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான்: மண்டியிட்டு, மேன்ஹோலுக்குள் தலையை விட்டு, ‘டேய், டேய்’ என்று கூப்பிடுவார்கள். வாயு மேலெழுந்து வரும் தொட்டியாக இருந்தால் அந்த இடத்திலேயே அவரும் மயங்கித் தலைகுப்புற விழுவார். கை வின்ச்சின் பிடிக்குப் போவதற்குள் நேரம் ஓடியிருக்கும். அடுத்த முறை செய்யும்போது பாதியாகக் குறையும், அதற்கடுத்த முறை இன்னும் குறையும். ஸ்லைடு போட்டு மணிக்கணக்கில் பேசினாலும் இது வராது. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நான்கு நிமிடம் தாண்டினாலே சேதம் தொடங்கிவிடும். 108க்கும் 101க்கும் அழைத்தே ஆக வேண்டும். ஆனால் அவர்கள் சிட்கோ வளாகத்தைத் தேடிப் பிடித்து வந்து சேரும்வரை அந்த நான்கு நிமிடம் காத்திருக்காது.

‘மூச்சைப் பிடிச்சிட்டு ஒரு நிமிஷத்துல தூக்கிடலாம்’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் சொல்வார். 70 கிலோ ஆளை, வழுக்கும் சேற்றில், குனிந்து தூக்கிப் பாருங்கள். பத்து வினாடியில் உடம்பு மூச்சைக் கேட்கும். வாய் தானாகத் திறந்துவிடும்.

சரி, காற்றுக்கு வருவோம். நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். அது 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே போனாலும் உள்ளே போகக்கூடாது என்பது அமெரிக்கா, சிங்கப்பூர் விதிகள் சொல்கிற வரம்பு, நம் ஆலைகளும் அதைத்தான் பின்பற்றுகின்றன. மேல் வரம்பு ஏன் என்று கேட்பார்கள். ஆக்சிஜன் கூடினால் துணியும் எண்ணெய்ப் பிசுக்கும் பொறி பட்டவுடன் பற்றும். கட்டிங் டார்ச்சின் ஆக்சிஜன் ஹோஸ் கசிந்தால் அதுதான் நடக்கும். காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அதை எந்தக் காலத்திலும் செய்யக்கூடாது.

ஆக்சிஜன் குறைவது கழிவுத் தொட்டியில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் துரு பிடிப்பதே ஆக்சிஜனைத் தின்றுதான். புதிதாகக் கட்டிய சம்பில் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கி இறந்தவர்கள் நம் மாநிலத்தில் உண்டு. வாரக்கணக்கில் மூடிய இருட்டில் ஈர மரமும் பூஞ்சையும் இருந்த காற்றைத் தீர்த்துவிடும். அங்கே நாற்றமும் கிடையாது, விஷவாயுவும் கிடையாது. குடிநீர்த் தொட்டிதானே என்று லுங்கியோடு இறங்குவார்கள். ஆக்சிஜன் மிகவும் குறைந்த காற்றை இரண்டு மூன்று முறை இழுத்தாலே கால் மடங்கிவிடும். தலைசுற்றல், மூச்சுத்திணறல் என்று எச்சரிக்கை எதுவும் வராது. வருவதற்கு முன் ஆள் கீழே கிடப்பான்.

உங்கள் ஊர்த் தொட்டிகளுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. சாயம் ஏற்றுவதில் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்ஃபேட், ஏராளமாகப் போகிறது. அது கழிவுநீரோடு தொட்டிக்கு வந்து, காற்றுப் படாத சேற்றுக்குள் பாக்டீரியாவின் கையில் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறுகிறது. கறுப்புக்கு சல்ஃபர் சாயம் ஓட்டுகிற பட்டறையென்றால் சோடியம் சல்ஃபைடும் இருக்கும். அதன் மேல் ஆசிட் பட்டால் பாக்டீரியாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அந்த நிமிடமே வாயு கிளம்பும்.

இந்த வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆபத்து அந்தத் தெரிதலில்தான் இருக்கிறது. 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்கு வந்தால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். ‘இப்ப வாசம் இல்லண்ணா, இறங்கலாம்’ என்று சொல்வது அந்த நேரத்தில்தான். 700, 1000 பிபிஎம் என்றால் ஒன்றிரண்டு மூச்சு, அவ்வளவுதான். மீட்டர் 10 பிபிஎம்மிலேயே கத்துவது இதனால்தான். காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் பள்ளத்தில் தங்கும். மீத்தேன் நேர்மாறு. அது லேசு, மேல்பக்கம் கூடும். கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய காற்றின் எடையே, எல்லா இடமும் பரவும். ஆகவே மேன்ஹோல் வாயில் மட்டும் மீட்டரைக் காட்டிவிட்டு ‘ஓகே’ போடுவது சோதனையே அல்ல.

கிராமத்துக் கிணற்றில் தூர்வாரும்போது அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். உங்கள் குழுவின் பெரியவர்களும் அதைச் சொல்வார்கள், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். சுடர் அணைவதற்கு ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வர வேண்டும். ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் சுடர் நிதானமாக எரிந்துகொண்டிருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கும் அதே கதைதான். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம்வரை இருந்தால் விளக்கே வெடிக்குத் திரி.

மீட்டரை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நான்கு வாயு மீட்டர் என்பது ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் காட்டும். சோதனையிலும் ஆக்சிஜனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம், எரியும் வாயுவை அளக்கும் சாதாரண சென்சார் உள்ளே அந்த வாயுவைக் கொஞ்சம் எரித்துத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது எரிக்க முடியாமல் குறைவாகக் காட்டும். மீத்தேன் நிறைந்த தொட்டியில் அதன் எண்ணை நம்பிவிடுவீர்கள். வாயு பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவை எல்இஎல் என்பார்கள், எரியும் வாயு அதில் 10 சதவீதத்தைத் தொட்டால் வேலை நிற்க வேண்டும். மீத்தேனுக்கு அது காற்றில் 0.5 சதவீதம்தான்.

இன்னொன்றையும் பயிற்சியில் கணக்குப் போட்டே காட்டுவேன், ஏனென்றால் கணக்குப் போடாமல் யாரும் நம்புவதில்லை. மீட்டரில் ஆக்சிஜன் 20.4 காட்டுகிறது. அலாரம் இல்லை, 19.5க்கு மேலேதான் இருக்கிறது. இறங்கலாமா? 20.9இலிருந்து அரை சதவீதம் குறைந்திருக்கிறது. ஆக்சிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான். வேறொரு வாயு உள்ளே புகுந்து காற்றைத் தள்ளியதால் இந்தக் குறைவு வந்ததென்றால், அந்த வாயு சுமார் 2.4 சதவீதம் இருக்க வேண்டும். பிபிஎம் கணக்கில் அது 24,000. அது உங்கள் மீட்டருக்குத் தெரியாத கரைப்பான் ஆவியாக இருந்தால் மற்ற மூன்று எண்ணும் சமத்தாக இருக்கும், ஆள் விழுவான். ஆகவே வெளியே 20.9, உள்ளே 20.4 என்றால் ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று கையெழுத்துப் போடக்கூடாது. ஏன் குறைந்தது என்று விடை தெரிந்த பிறகுதான் இறங்க வேண்டும். எண்ணைப் படிக்கத் தெரிவதும் எண்ணைச் சந்தேகிக்கத் தெரிவதும் வேறு வேறு.

மீட்டரோடு இணைத்த மெல்லிய குழாயை இறக்கிக் காற்றை இழுக்கும்போது மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆழமென்றால் நான்கடிக்கு ஒருமுறை. காற்று குழாய் வழியாக ஏறி வர நேரம் எடுக்கும், சென்சார் முழு எண்ணுக்கு வரவும் நேரம் எடுக்கும். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடம் பொறுக்காதவர் முந்தைய மட்டத்தின் காற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். தினமும் வேலைக்கு முன்னால், தெரிந்த அளவு வாயுவை மீட்டரில் ஊதி அது கத்துகிறதா என்று பார்க்கும் பம்ப் டெஸ்ட் (bump test) செய்ய வேண்டும். பல இடங்களில் மீட்டர் இருக்கும், அந்தச் சோதனைச் சிலிண்டர் இருக்காது. சிலிகான் ஸ்ப்ரே பட்டு எரிவாயு சென்சார் செத்துப்போய், திரையில் பூஜ்யம் மட்டும் அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும் மீட்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் நல்லபடியாகக் காட்டி, ஆள் இறங்கி, மண்வெட்டியால் சேற்றைக் கிளறியதும் விழுவது உங்கள் மாதிரி வேலைகளில்தான் நடக்கும். வாயு சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, மேலே காய்ந்த ஏடு. ஏடு உடைந்தால் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் வெளியே வரும். எனவே இறங்குவதற்கு முன் மேலிருந்தே நீண்ட கம்பால், அல்லது தண்ணீர் ஜெட்டால் கிளறிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். உள்ளே இருப்பவரின் நெஞ்சில் ஒரு மீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். காலையில் ஒருமுறை சோதித்தது மதியம்வரை செல்லும் என்பது கிடையாது. சாப்பாட்டுக்கு எல்லாரும் வெளியே வந்தால், திரும்ப இறங்கும் முன் மறுபடி முதலிலிருந்து.

தொட்டிக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயர் விஷயத்தில் நடக்கும் கூத்தையும் சொல்லியாக வேண்டும். குழாயின் முனை தொட்டியின் அடிவரை போக வேண்டும். தொட்டியின் வாயில் வைத்து ஊதினால் மேல்காற்று மேலேயே சுற்றித் திரும்பிவிடும். நிமிடத்துக்கு 1000 கன அடி தள்ளும் ப்ளோயர் என்றால் சுமார் 28 கன மீட்டர். 56 கன மீட்டர் தொட்டியின் காற்றை ஒருமுறை மாற்றக் கணக்குப்படி 2 நிமிடம். ஆனால் மூலைகளில் காற்று ஓடாது, வளைந்த குழாயில் வேகம் குறையும், அதனால் பல மடங்கு நேரம் ஓட்டிவிட்டு மீட்டரைத்தான் கேட்க வேண்டும். அப்புறம், ப்ளோயருக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். நிழல் இருக்கிறதென்று ப்ளோயருக்குப் பக்கத்திலேயே நிறுத்துவார்கள். புகைக்குழாய் விடுகிற கார்பன் மோனாக்சைடை ப்ளோயர் இழுத்து, அக்கறையாக ஆளின் மூக்குக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீர் இறைப்பதும் அதே தப்புதான்.

வால்வுகளை அடைப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் விட்டுவிட முடியாது. மூடிய வால்வை யாரோ திறப்பார்கள். பூட்டுப் போட்டு, சாவியை இறங்குகிறவரின் பையில் வையுங்கள். ஆசிட் லைனாக இருந்தால் மூடிய வால்வை மட்டும் நம்பாமல் குழாய் இணைப்பான ஃபிளாஞ்சைக் கழற்றி, வழியை முழுதாக அடைக்கும் பிளைண்ட் தகடு போடச் சொல்லுங்கள். கலக்கி மோட்டாரின் பேனல் சுவிட்சுக்கும் பூட்டு. ‘ஆளுங்க உள்ளே, சுவிட்ச் போடாதே’ என்று அட்டை மட்டும் தொங்கவிடுவது பூட்டு ஆகாது.

பெர்மிட் என்பது இதையெல்லாம் செய்தாயிற்று என்று ஒருவர் தன் பெயரில் ஒப்புக்கொள்ளும் தாள். அதை அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து நிரப்பினால் அர்த்தமே இல்லை, தொட்டியின் வாயில் நின்று எழுத வேண்டும். இது வெளிநாட்டு இறக்குமதி என்று நினைக்க வேண்டாம். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே, தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. 36ஏ பிரிவு, உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போனாலும் ஈரச் சேற்றில் நிற்பவனுக்கு 230 வோல்ட் செய்வது மாறப்போவதில்லை. ஒயரில் ஒட்டுப்போட்ட ஹோல்டரில் பல்பை மாட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவதை இன்றும் பார்க்கிறேன்.

முகமூடி பற்றிக் கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். வடிகட்டி முகமூடி எதுவாக இருந்தாலும், எவ்வளவு விலையானாலும், இருக்கும் காற்றை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. காற்று நன்றாக இல்லை என்றால் சிலிண்டர் மாட்டிய சுவாசக் கருவி, அல்லது வெளியிலிருந்து குழாயில் வரும் காற்று, இரண்டில் ஒன்றுதான். 6 லிட்டர், 300 பார் சிலிண்டரில் சுமார் 1800 லிட்டர் காற்று. உழைக்கிற ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 45 நிமிடம் என்று கணக்கு வரும். பயத்தில் இழுப்பவருக்கு அது அரை மணி நேரம்கூட வராது. பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒரு சிலிண்டரை முழுதாக மூச்சுவிட்டுத் தீர்த்து, காற்று தீரப்போகிறதென்று கருவி கடைசியில் விசில் அடிக்கும்வரை போட்டிருந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் தன் காற்று எவ்வளவு நேரம் என்று தெரியும். ஆனால் உங்கள் குழுவுக்கு என் யோசனை, சிலிண்டர் போட்டுத்தான் இறங்க முடியும் என்ற நிலை வந்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள். அது வேறு வகைப் பயிற்சி, வேறு வகைக் குழு.

மேன்ஹோலுக்கு மேல் நிறுத்தும் முக்காலியான டிரைபாட், வின்ச், முழு உடல் ஹார்னஸ் மூன்றும் சேர்ந்துதான் ஒரு கருவி. இடுப்பு பெல்ட்டில் கட்டித் தூக்கினால் மயங்கிய ஆள் இரண்டாக மடிந்து மேன்ஹோல் வாயில் சிக்குவான். ஹார்னஸில் முதுகு மேல்பக்கமோ தோள்களிலோ உள்ள வளையத்தில் கொக்கி போட்டால் நேராக வருவான். ஆலையில் வேலை பார்ப்பதற்கு முந்தைய நாளே போய் வாயின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு இரண்டடி சம்ப் மூடியில் ஆள் வரலாம், தூக்கும்போது கைகள் விரிந்தால் தோள் மாட்டும். பாய்லர் மாதிரி பக்கவாட்டில் நுழைகிற இடமென்றால் டிரைபாட் எதற்கும் ஆகாது. உள்ளே தடுப்புச் சுவர், குழாய்கள் இருந்தால் கயிறு சுற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்துக்கு, ஆளை எப்படி வெளியே எடுப்பது என்ற விடை கிடைக்காதவரை ‘முடியாது’ என்பதுதான் சரியான பதில்.

மீட்புப் பயிற்சியைச் சான்றிதழ் வாங்கிய நாளோடு விட்டுவிடக்கூடாது. அமெரிக்க விதி வருடத்துக்கு ஒருமுறையாவது அசல் இடத்தைப் போன்ற இடத்தில் செய்து பார்க்கச் சொல்கிறது. கப்பல்களில் இன்னும் கடுமை. 2015 ஜனவரியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடிய அறைக்குள் நுழைவதும் மீட்பதும் பழக வேண்டும் என்று சர்வதேச விதியே போட்டுவிட்டார்கள். நான் கப்பல்காரர்கள் பக்கம். 60 கிலோ மணல் மூட்டை ஒன்றுக்கு ஹார்னஸ் மாட்டி, மாதம் ஒருமுறை வேலை முடிந்த பிறகு இழுத்துப் பாருங்கள். வின்ச்சின் கம்பி எங்கே நைந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்க் வேலையும் அவ்வப்போது வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் பயிற்சி பெற்றுவிட்டோம் என்று ஆளை இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் உரிய கருவிகளும் பாதுகாப்பும் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னதை, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சும் லாரி செய்ய வேண்டிய வேலை அது. ‘அடியில கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஒருத்தர் மட்டும் இறங்கி வழிச்சு விட்டுடுங்க’ என்று குடியிருப்பின் செயலாளர் கேட்பார். கெட்டியாக இருந்தால் தண்ணீரை ஜெட்டில் அடித்துக் கரைத்து மறுபடி உறிஞ்சலாம், ஒரு லோடு கூடுதலாகும், அவ்வளவுதான்.

இனி, யாரிடம் பயிற்சி எடுப்பது? சிங்கப்பூரில் இறங்குகிறவர், மேற்பார்வையாளர், காற்றைச் சோதிக்கிறவர் மூவருக்கும் தனித்தனிப் பாடம், தனித்தனித் தேர்வு. இங்கே ஒரே வகுப்பில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்: டிரைபாட் கொண்டுவருவீர்களா, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் வின்ச் சுற்றுவார்களா, மீட்டரை நாங்களே பம்ப் டெஸ்ட் செய்வோமா, எங்கள் தொட்டியைப் பார்க்க முந்தைய நாள் வருவீர்களா? இதில் எதற்காவது ‘வீடியோ காட்டுவோம்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் பாதிக்கு மேல் வகுப்பறையில் உட்கார வைத்தால் அதுவும் நல்ல அறிகுறி அல்ல.

மொழியையும் விட்டுவிடக்கூடாது. உங்கள் எட்டுப் பேரில் ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால், தமிழில் நடக்கும் வகுப்பில் அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போவார்கள். தொட்டிக்குள் இருந்து ‘சக்கர் ஆ ரஹா ஹை’ என்று ஒருவன் முனகினால், தலை சுற்றுகிறது என்கிறான் என்று மேலே நிற்பவருக்கு உடனே புரிய வேண்டும். உள்ளே இருப்பவருக்கும் ஸ்டாண்ட்பைக்கும் பொது மொழி இல்லாமல் ஜோடி போடாதீர்கள். கயிற்றை ஒருமுறை இழுத்தால் நலம், தொடர்ந்து இழுத்தால் தூக்கு என்று ஒரு சைகையையும் எல்லாரும் பழகி வையுங்கள், ப்ளோயர் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது.

செலவைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். நான்கு வாயு மீட்டர் ஒரு நல்ல செல்போன் விலைக்கு வந்துவிடுகிறது, சோதனைச் சிலிண்டரும் வருடாந்திர கேலிபரேஷனும் தனி. டிரைபாட் தொகுப்பை முதலில் வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். இந்தச் செலவையும் ஸ்டாண்ட்பை ஆளின் சம்பளத்தையும் மொத்த ரேட்டில் புதைக்காமல் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவது ‘சும்மா நிற்கிற ஆளுக்கு எதுக்குக் கூலி’ என்ற வரிதான். அதை வெட்டச் சொன்னால் அந்த வேலைக்கு ரேட் கொடுக்காமல் வந்துவிடுங்கள். சான்றிதழ் கேட்கிற அளவுக்கு இருக்கும் ஆலை அந்த வரியை மறுக்க முடியாது.